வெறும் போத்தல் நாலு

அன்பு மகன் தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் மழையை ஒரு நாள் முந்தியே சொல்லிவிடுகிறது. ஆறுதலாக எழுத்துக் கூட்டியாவது வாசி. குசினி மேசையில் அடித்துப் படிப்பித்த தமிழ், மறந்திருக்க மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தாய். நாலு நிமிடம். சாப்பிட்டாயோ என்றேன், ஓம் என்றாய். அவ சுகமோ என்றேன், வேலை கூட அம்மா என்றாய். பின்னால் மைக்ரோவேவ் மணி அடித்தது, வைக்கிறேன் என்றாய். அதற்கு முந்திய ஞாயிறும் அதே நேரம், அதே மணி. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஊர்ப் புதினம் சொல்கிறேன். ஓகஸ்ட் இரண்டாம் சனி ஊர்க் கண்காட்சி. போன வருடம் என் விக்டோரியா கேக்குக்கு நடந்ததைக் கேட்டுச் சிரித்தாயே, கடைசியாக நீ சிரித்துக் கேட்டது அதுதான். மூன்று முட்டையை ஓட்டோடு நிறுத்து, அதே நிறைக்கு பட்டர், சீனி, மா. ஒரு பிழையும் இல்லை. நடுவில் ஸ்ட்ரோபெரி ஜாமும் கிறீமும் பூசினேன், வடிவாக இருக்கட்டும் என்று. நடுவர் அம்மா கத்தியைக் கையில் எடுக்கவே இல்லை. என்.ஏ.எஸ். என்று எழுதின சின்ன மட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த கேக்குக்குப் போய்விட்டா. விதிப்படி செய்யவில்லையாம். நடுவில் ராஸ்பெரி ஜாம் மட்டும்தான். மேலே மெல்லிய சீனி தூவலாம், ஐசிங் சீனி ஆகாது. ஆறவைத்த கம்பித்தட்டின் கோடு கேக்கின் முதுகில் தெரியக்கூடாது. அப்பா இருந்திருந்தால் இதைவிட எம்.பி.பி.எஸ். சோதனை லேசு என்றிருப்பார். இந்த முறை சட்னிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். ஒக்டோபரில் போட்ட பச்சைத் தக்காளி, எங்கள் தூளும் கொஞ்சம். மூன்று மாதமாவது ஊறவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஊறுகாய் போடுகிற எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை டபிள்யூ.ஐ. கூட்டம். இந்தப் பெண்கள் சங்கம் 1897இல் கனடாவில் ஸ்ரோனி கிறீக் என்ற இடத்தில் தொடங்கினதாம். 1915இல் வேல்ஸில் ஆங்கில்சித் தீவுக்கு வந்து, பிறகுதான் இங்கிலாந்துக்குள் வந்ததாம். எங்கள் சனம் இங்கேயிருந்து கனடாவுக்குப் போகிறது, இது அங்கேயிருந்து இங்கே வந்திருக்கிறது. திங்கள் கம்பளத்தில் பந்து உருட்டுகிறவர்கள், புதன் மதியச் சாப்பாடு, வெள்ளி பின்னேரம் சேர்ச் கோபுரத்தில் மணிப் பயிற்சி. ஒரு தகரக் கூரை ஹோலையும் ஒரு கோபுரத்தையும் வைத்துக்கொண்டு இவ்வளவும். நீயும் கிழமையில் ஒரு பின்னேரம் எங்காவது போ தம்பி. நாலு பேரைப் பார்.

இப்படிச் சொல்கிற நானே 1984இல் வந்து 22 வருடம் அந்த ஹோலின் வாசல் மிதிக்கவில்லை. மூன்று தரம் கூப்பிட்டார்கள், மூன்று தரமும் தலையிடி என்றேன். அப்பா போன பிறகு பக்கத்து வீட்டு மனுசி கதவு தட்டினா. இரக்கம் காட்ட வந்திருந்தால் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்றிருப்பேன். அவ வந்தது பெரிய சட்டி இரவல் கேட்டு. நாற்பது பேருக்கு சூப்பாம், அவவிடம் சட்டி இல்லையாம். எங்கள் புட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். அது திரும்பி வர மூன்று மாதம் சென்றது, நானும் அதுவரை அதோடேயே போய் வந்தேன்.

லௌத் டவுனில் மருந்து எடுக்கப் போனால் இஞ்சினியர் மகன் எப்படி என்று விசாரிப்பார்கள். நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். எப்போது வருவார் என்று அடுத்த கேள்வி வரும். பங்குனிக்குப் பிறகு நீ வரவில்லை. நான் குறை சொல்லவில்லை, வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன். சோறு ஒரு நேரமாவது சாப்பிடு. ஒரு பின்னேரமாவது வெளியே போ.

மேல் அறையைத் துப்புரவாக்கும்போது உன் கணக்குக் கொப்பி ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கங்களில் பென்சிலால் 123456, அதன் கீழே 214365, அதன் கீழே 241635, இப்படி ஒற்றை ஒற்றையாக. ஏதோ இரகசிய எழுத்து என்று நினைத்தேன். புதன்கிழமைச் சாப்பாட்டுக்கு மணியடிக்கிறவர்களின் தலைவர் வருவார், அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போனார். ஆறு மணிகள் அடிக்கிற வரிசையாம். ஒரு வரியிலிருந்து அடுத்ததற்கு எந்த மணியும் ஓரிடத்துக்கு மேல் நகரக்கூடாதாம். ஆறு மணிகளுக்கு மொத்தம் 720 வரிசையாம். யார் எழுதினது, பிழையே இல்லையே என்றார்.

உனக்கு அப்போது பதின்மூன்று. போகட்டுமா என்று கேட்டாய். "நாங்கள் சைவம், உவையின்ர கோயில் மணியை நாங்கள் ஏன் அடிப்பான்" என்றேன். வெள்ளிக்கிழமைகளில் நீ யன்னலில் நின்றது இதை எண்ணத்தான் என்று எனக்குத் தெரியாது. சைவம் எல்லாம் சாட்டு தம்பி. டொக்டரின் பிள்ளை கயிற்றைப் பிழையாக இழுத்தால் ஊர் சிரிக்கும் என்ற பயம். நாலு பேரோடு பழகினால் வீட்டுக் கதை வெளியே போய்விடும் என்ற பயம். அப்பாவுக்கு முதல் தரம் நெஞ்சு நொந்தபோது, பள்ளிக்கூடத்தில் கேட்டால் வயிற்றுக்குத்து என்று சொல் என்றேன். அப்படியே சொல்லிவிட்டு வந்து என்னிடமும் ஒன்றும் கேட்காமல் வீட்டுப்பாடம் செய்தாய். கெட்டிக்காரன் என்று நினைத்தேன். இப்போது நீ என்னோடு கதைக்கிறதும் அந்த வயிற்றுக்குத்துக் கதைதான். நான் பழக்கினது. உன்னில் பிழை இல்லை.

கோபுரத்தில் ஆறு மணி இருக்கிறது, ஆள் நாலு பேர்தான். இங்கிலாந்தில் இப்படி மணி அடிக்கிற கோபுரங்கள் 5,000க்கு மேல், நீ இருக்கிற பக்கத்திலும் இருக்கும். எல்லா இடமும் ஆள் தேடுகிறார்களாம். கொப்பியை வைத்திருக்கிறேன், தலைவர் உன்னைக் காட்டச் சொன்னார்.

கண்காட்சிக்கு வா. வெள்ளி இரவே வந்தால் பயிற்சியும் பார்க்கலாம். உன் கட்டிலுக்கு ஒரு தலையணை போடவா இரண்டு போடவா என்று மட்டும் சொல். உறை இரண்டும் தோய்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

வரும்போது வெறும் போத்தல் நாலு கொண்டு வா. அப்பாவின் பிளம் மரம் இந்த முறை கனக்கக் காய்த்திருக்கிறது, ஜாம் போடவேண்டும். கடைச் சோஸ் போத்தல்கள் உன்னிடம் நிறையச் சேர்ந்திருக்கும். மூடியில் கடைப் பெயர் இருக்கக் கூடாது, அதற்கும் என்.ஏ.எஸ். போடுவார்கள்.

அன்புடன்
அம்மா