தோழிக்கு, முள்ளியவளையிலிருந்து

அன்பின் தோழி,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியட்டும் என்று வைத்திருந்தேன். "இனி எழுதப் போவதில்லை, பாடகர் குழுவையும் விடப் போகிறேன், ஒன்றிலும் மனமில்லை" என்ற வரியைப் பத்துத் தரமாவது வாசித்திருப்பேன். சோம்பல் என்று உன்னை நீயே திட்டியிருக்கிறாய். அது சோம்பல் இல்லையடி, ஓயாத வேலையில் உள்ளே எரிந்து தீர்ந்துபோவது, இங்கிலீசில் burnout என்பார்கள். போன வருடம் எனக்கும் இதுதான் நடந்தது. வெட்கத்தில் உனக்குச் சொல்லவில்லை.

அப்போது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு என் பொறுப்பில். பள்ளிக்கூடம் விட்டபின் மேலதிக வகுப்பு. ஞாயிறு அறநெறி வகுப்பு, வெள்ளி கோயிலில் மாலை கட்டித் தேவாரமும் பாட வேண்டும். மாமிக்குச் சீனி வருத்தம், அவருக்கு வேறு சமையல். கதைத் தொகுப்பை அந்த வருடமே முடிக்க வேண்டும் என்று விடியற்புறம் மூன்றரைக்கு எழும்பி எழுதினேன். ஒரு வெள்ளிப் பூசையில், ஏழு வயதிலிருந்து பாடுகிற தேவாரம், முதல் வரி பாடிவிட்டேன், இரண்டாவது வரி வரவில்லை. ஐயர் தீபத்தைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறார். பின்னால் நின்ற ஆச்சி அடியெடுத்துக் கொடுத்தும் என் வாய் திறக்கவில்லை. மாலை கட்டிய நாரின் ஈரம் விரலில் அப்படியே இருந்தது. மறந்தது பெரிதில்லை. "சரி, கெதியாக முடிந்தால் போதும்" என்று அம்மனுக்கு முன்னால் நின்று நினைத்தேனே, அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

இரத்தம் சோதித்தார்கள், ஒரு குறையும் இல்லை. எத்தனை மணி நேரம் நித்திரை என்று டொக்டர் கேட்டார். நான்கு என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு தேடி வாசித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த burnout என்பதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. இது நோயல்ல, வேலையில் நீண்ட நாள் இறங்காமல் கிடக்கும் அழுத்தத்தால் வருவது. உடம்பில் சக்தி இல்லாமை, செய்கிற வேலையிலேயே வெறுப்பு, எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற நினைப்பு, மூன்றும் சேர்ந்து வரும். வேலைத்தலத்துக்கு மட்டுமே இந்தச் சொல் பொருந்தும் என்றும் போட்டிருக்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பெண்களுக்கு வேலைத்தலம் எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது?

இன்னொன்றும் உண்டு, உன்னிடம்தான் சொல்லலாம். 2009க்குப் பிறகு நாம் இருவரும் சும்மா இருக்கப் பழகவேயில்லை. கை ஓய்ந்தால், போரின் கடைசி மாதங்களில் நாம் கிடந்த மாத்தளன் நினைவில் வந்துவிடும். பிறகு மெனிக்பாம் அகதி முகாமில் ஒரே கூடாரத்தில், ஒரே கொப்பியில், நீ முன்பக்கத்திலிருந்தும் நான் பின்பக்கத்திலிருந்தும் எழுதினோமே, அது நம்மைக் காப்பாற்றியது. அதே எழுத்தை வைத்துத்தான் பிறகு நம்மை விரட்டியிருக்கிறோம்.

இவருக்குத் தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல். சிறுபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைத்து, குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். அந்த முறை இவருக்கு ஒரு ஏக்கர்தான் வந்தது. வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, "ஒண்டுதான், அதை வடிவா விளைவிப்பம்" என்றார், ஒரு குறையும் சொல்லாமல். நான் அடுப்படியில் நின்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் குளத்தின் மட்டத்தை ஒருநாளாவது பார்த்தேனா?

அறநெறி வகுப்பை உயர்தரம் முடித்த என் பழைய மாணவியிடம் கொடுத்தேன். கோயிலில் மாலை மட்டும் கட்டுகிறேன். மாமியின் இரவுச் சாப்பாடு இவர் பொறுப்பு. எழுத்து செவ்வாயும் சனியும் பின்னேரம், ஒரு பக்கம் முடிந்ததும் கொப்பியை மூடிவிடுவேன், அடுத்த வரி நாக்கு நுனியில் நின்றாலும். தொகுப்பு இந்த வருடம் வராது. அது வலிக்கத்தான் செய்கிறது.

உன் விசுவாசம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நித்திரை இல்லாத கண்ணுக்கு எதுதான் தெரியும்? பொங்கலுக்கு முன் காட்டு விநாயகர் கோயிலில் ஏழு நாளும் கடல்நீரில் விளக்கெரியுமே, இந்த முறை மூன்று பின்னேரம் போய் அதன் முன் இருந்தேன். பாடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. திரி எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்கு இந்த முறை பாடப் போகாதே. அவர்களிடம் இப்போதே சொல்லிவிடு. நானும் பிள்ளைகளோடு ஓகஸ்ட் 13ஆம் திகதியே வருகிறேன், மரத்தடியில் கூடாரம் போட்டு 15 வரை இருப்போம். படுக்கப் பாய் ஒன்று கூடுதலாக எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய கொப்பிக்காரி