ஜிம்போவின் ஏழரை

கேட்டி, ஹூஸ்டன் அருகே
28 நவம்பர் 2023

அன்புள்ள மாப்ளே,

ஜூலையில் நீ போட்ட மெயிலுக்கு இப்போது பதில் எழுதுகிறேன். திட்டுவதை ஒரேயடியாகத் திட்டி முடித்துவிடு. பால்காய்ப்புப் படங்கள் எல்லாம் பார்த்தேன். அம்மா இளைத்துப்போயிருக்கிறார்களே, சர்க்கரையா? சமையல் மேடைக்கு அந்தப் பச்சை கிரானைட் யார் யோசனை என்று கேட்கப்போவதில்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து 'ச' வரமாட்டேன் என்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். நம் டெக்சாஸ் ஏ&எம் பல்கலைக்கழக ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால்தான்) கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பிவிட்டார்கள்.

நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, நல்ல தீபாவளி நாளில். முந்தின நாள்தான் மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று துவைத்துக் காயப்போட்டிருந்தோம். தலையில் எண்ணெயோடு குளியலறை வாசலில் நிற்கிறேன், போன் ஓயாமல் துடிக்கிறது. நெல்லை அண்ணன் மட்டும் ஏழு தடவை கூப்பிட்டிருந்தார். 51-10 என்று ஜெயித்த மனுஷனை மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்பும் ஊர் நம் அணியின் காலேஜ் ஸ்டேஷனைத் தவிர வேறு எதுவாக இருக்கும்?

2017 டிசம்பரில் நீ அனுப்பிய வரியைத் தேடி எடுத்துப் படித்தேன். "பத்து வருஷம், ஏழரைக் கோடி டாலர். வருஷத்துக்கு எழுபத்தைந்து லட்சம். எப்படி வகுத்தாலும் ஏழரைதான் வருது, வெளங்குமாடா?" உன்னைக் கிளி ஜோசியக்காரன் என்று கிண்டல் செய்தேன். மனுஷன் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் 2013 சீசனில் தேசிய சாம்பியன்ஷிப் எடுத்தவர் ஆயிற்றே! நாம் கடைசியாக அந்தப் பட்டத்தைப் பார்த்தது 1939-இல், என் தாத்தாவுக்குக் கல்யாணம்கூட ஆகாத காலம். ஜிம்போ வந்த புதிதில் சான்ஸலர் ஷார்ப் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தாரே, தேசிய சாம்பியன் என்று பொறித்து, வருடத்தை மட்டும் காலியாக விட்டு. மாப்பிள்ளை பெயருக்கு இடம் விட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்த மாதிரி. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆறு வருடக் கணக்கு 45 வெற்றி, 25 தோல்வி. 2020-இல் 9-1, அதை யாரும் மறுக்க முடியாது. அதை நம்பி 2021-இல் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டிக் கொடுத்தார்கள். அதே வருடம் அலபாமாவை 41-38 என்று சாய்த்த இரவில் நான் உனக்குப் போன் செய்து அழுதது நினைவிருக்கும், உனக்கு அப்போது காலை பத்து மணி. அதற்குப் பிறகு சறுக்கல்தான். 2022-இல் அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணிக்கு 15 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்து 17-14 என்று தோற்றோம். கூலி கொடுத்து அடி வாங்கிய கதை. அந்த சீசன் 5-7.

இப்போது பணத்தைக் கேள். அவரை அனுப்பியதற்காக அவருக்குத் தர வேண்டியது மொத்தம் சுமார் 7 கோடியே 60 லட்சம் டாலர். நம்மூர்க் கணக்கில் 630 கோடி ரூபாய். இதற்கு முன் ஆபர்ன் பல்கலைக்கழகம் தன் கோச் குஸ் மல்ஸானை அனுப்பக் கொடுத்த 2 கோடியே 15 லட்சத்தைப் பார்த்தே நாடு வாயைப் பிளந்தது. 60 நாளுக்குள் 1 கோடியே 92 லட்சம், அப்புறம் வருடத்துக்கு 72 லட்சம், 2031 வரை. அவர் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் ஒரு சல்லி குறையாது. ஆள் போய்விட்டார், சனி மட்டும் இன்னும் ஏழரை வருடத்துக்கு மேலேயே ஊரில்தான் இருக்கும். உன் ஜோசியத்துக்கு நான் வேறு என்ன சாட்சி சொல்ல?

இதைச் சொல்லும்போதே உனக்குச் சொல்லாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் என்னையும் அனுப்பிவிட்டார்கள். ஒரு வீடியோ கால், பதினோரு நிமிடம், எட்டு வாரச் சம்பளம். பதினொன்றில் நான்கு நிமிடம் அந்த அம்மாவுக்கு மைக் வேலை செய்யவில்லை. இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது, நீயும் வாய் தவறிவிடாதே. வேறு இடம் கிடைத்துப் போன வாரம்தான் சேர்ந்தேன். கவலைப்படாதே, சம்பளம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். உனக்கு எழுதாததற்கு அதுதான் காரணம். எழுத உட்கார்ந்தால் அதை எழுதாமல் இருக்க முடியாது.

அந்த இரண்டு மாதமும் எனக்குத் துணை ஃபுட்பால்தான். ஜிம்போ போன நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு கராஜில் பஞ்சாயத்து. மடக்கு நாற்காலி, மிக்சர், அடுத்த கோச் யார். நெல்லை அண்ணன் கட்சி ஓரிகனின் டான் லானிங். "முப்பத்தேழு வயசுப் பையன், ரத்தம் சூடா இருக்கு" என்கிறார். முப்பத்தேழு நம் வயசுடா. எனக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால்தான் இருக்கிறது. டாக்டர் அக்கா, வாஷிங்டனில் ஒரு தோல்விகூட இல்லாமல் போய்க்கொண்டிருந்த டீபோர் மட்டும்தான் வேண்டும் என்றார். வருவாரா என்று கேட்டால், "காசு இல்லையா நம்மகிட்ட?" இதை 7 கோடியே 60 லட்சம் கைவிட்டுப் போன வாரத்திலேயே கேட்கிறார். டீயான் சாண்டர்ஸ் வந்தால் ஊரே திருவிழாவாகிவிடும் என்று ஒரு பொடியன் சொன்னான், அவனுக்கு அடுத்த வாரத்திலிருந்து மிக்சர் கிடையாது.

நான் நின்றது கான்சாஸின் லான்ஸ் லைபோல்டுக்கு. விஸ்கான்சின்-வைட்வாட்டர் என்ற, யாரும் டிவியில் பார்க்காத மூன்றாம் நிலைக் கல்லூரியில் ஆறு சாம்பியன்ஷிப் எடுத்தவர். கான்சாஸுக்கு வந்த முதல் வருடம் 2-10, இந்த வருடம் 8-4. அந்த 2-10 வருடத்திலும் ஆஸ்டினுக்கே போய் நம் பரம வைரி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 57-56 என்று கவிழ்த்தார். அது ஒன்று போதாதா? ஒரு ஓட்டுகூட விழவில்லை. "கான்சாஸா?" என்று எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

காலையில் லூசியானா ஸ்டேட்டிடம் 42-30 என்று தோற்றாயிற்று. அதில் யாருக்கும் வருத்தமில்லை, இடைக்கால கோச் எலைஜா ராபின்சன் பாவம், கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றினார். இரவு ஆனதும் செய்தி: கென்டக்கியின் மார்க் ஸ்டூப்ஸ்தான் அடுத்தவர், ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஊர் தீப்பிடித்தது. இவ்வளவு பணத்தைக் கொட்டி ஒருவரை அனுப்பிவிட்டு, இந்த சீசனில் நம்மைப் போலவே 7-5 வந்தவரையா கூட்டி வருவது என்று. கத்தியவர்களில் நானும் ஒருவன். அதுவும் எப்படி? அத்லெடிக் டைரக்டர் அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினேன். "ஸ்டூப்ஸ் வந்தால் என் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை." என்னிடம் ஏது சீசன் டிக்கெட்? வருடத்துக்கு ஒரு மேட்ச், அதுவும் யாராவது கடைசி நேரத்தில் விற்றால் போவேன்.

நள்ளிரவு வாக்கில் ஸ்டூப்ஸே அறிக்கை விட்டார், கென்டக்கியிலேயே இருப்பதாக. அவர் வேண்டாம் என்றாரா, இவர்கள் பயந்து கையை உதறினார்களா என்று ஊருக்கு இரண்டு கதை ஓடுகிறது. கராஜில் கைதட்டல். நானும் தட்டினேன்.

அப்புறம் தூக்கம் வரவில்லை. அந்த ஆளைப் பற்றி ஒரு வரி தெரியாமல்தான் மெயில் அனுப்பினேன் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து உட்கார்ந்து தேடினேன். 2013-லிருந்து கென்டக்கியில் இருக்கிறார். கூடைப்பந்துக்கே கோயில் கட்டும் ஊர் அது. அங்கே ஃபுட்பாலில் 'பேர்' பிரையன்ட் என்ற ஜாம்பவான் கோச் வைத்திருந்த வெற்றிக் கணக்கைப் போன வருடம் தாண்டியிருக்கிறார். பிரையன்ட்! கென்டக்கியிலிருந்து 1954-இல் நேராக நம்மிடம் வந்தாரே, அவரேதான். அதே வழியில் இன்னொருவர் வரப் பார்த்தார், நாங்கள் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினோம். அன்று பகலில்தான் அவர் பத்தாம் இடத்தில் இருந்த லூயிவில்லை அவர்கள் மைதானத்திலேயே 38-31 என்று ஜெயித்திருக்கிறார். மத்தியானம் ஜெயித்தார், ராத்திரிக்குள் முன்பின் பார்க்காத லட்சம் பேர் அவர் லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பல்லில்லாத வாயோடு கேட்டாள்: "அப்பா, அந்த மாமாவும் உன்னை மாதிரி வீட்டிலயே இருப்பாரா?" இல்லம்மா, அவருக்கு வேலை இருக்கிறது என்றேன். உள்ளே மனைவி சிரித்தாளா, பாத்திரம் உருண்டதா தெரியவில்லை.

எனக்கு வேலை போனபோது அந்த மைக் அம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது. என் வேலை என்ன என்றுகூட அவளுக்குத் தெரியாது, பெயரை இரண்டு விதமாகச் சொன்னாள். சனிக்கிழமை நான் அனுப்பிய மெயிலில் ஸ்டூப்ஸ் பெயரையே தப்பாக எழுதியிருக்கிறேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நெல்லை அண்ணனிடம் சொன்னால் "கோச்சுன்னா கல்லடி பட்டுத்தான் ஆகணும், கோடிக்கணக்குல வாங்குறான்ல" என்பார். இருக்கலாம். அவ்வளவு வாங்குபவரை அடித்தால் வலிக்காது என்று நானும் நினைத்திருந்தேன்.

சரி, போதும். நல்ல செய்தி: ஞாயிறு மாலை கார்த்திகைக்கு மனைவி வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள், இரவுக்குள் எல்கோ பெயர் வந்துவிட்டது. திங்கட்கிழமை அறிவித்தேவிட்டார்கள். நம் மைக் எல்கோ! 2018-லிருந்து 2021 வரை இங்கே டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டவர். "அணியை ஓட்டுறது அந்தக் குண்டு ஆள்தான், ஜிம்போ இல்லை" என்று நீ கோயம்புத்தூரிலிருந்து கத்திக்கொண்டிருந்தாயே. அதிலும் நீதான் ஜெயித்தாய், உன் தொல்லை தாங்க முடியாது. டியூக்கில் இரண்டு வருடம், 16-9. டியூக்கில் ஃபுட்பால் ஆடுவார்கள் என்பதே பலருக்கு அவர் வந்த பிறகுதான் தெரியும். இந்த செப்டம்பரில் கிளெம்சனை 28-7 என்று உரித்தார். ஆறு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 70 லட்சம். கவனித்தாயா? வேலை பார்க்கப் போகிறவருக்கு 70, பார்க்காமல் வீட்டில் இருப்பவருக்கு 72.

ஸ்டூப்ஸை விரட்டாமல் இருந்திருந்தால் எல்கோ வந்திருக்க மாட்டார். அதனால் கத்தியது சரியா? கராஜில் எல்லோரும் சரி என்கிறார்கள். எல்கோ நன்றாக ஆடவைத்தால் நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிடுவேன், அதுதான் என் பயம். இப்போதே பாதி அப்படித்தான் நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய் என்று எழுது, ஒரு வரியில் தப்பிக்காதே.

அடுத்த வருடம் டெக்சாஸ் நம் லீகான எஸ்.இ.சி.க்கு வருகிறது. நம் மைதானம் கைல் ஃபீல்டுக்கே வருகிறார்கள். கடைசியாக வந்தது 2011 தேங்க்ஸ்கிவிங் இரவு, நாம் இருவரும் மூன்றாம் தட்டில். நான்கு மணி நேரம் உட்காரவே கூடாது என்ற சட்டத்தை நீ மீறி ஒரு கிழவரிடம் திட்டு வாங்கினாய். நாம் டச்டவுன் போட்டால் பக்கத்தில் இருக்கும் துணையை முத்தமிடுவது இங்கே வழக்கம் என்று யாரோ சொல்ல, நாம் இருவரும் பவ்யமாகக் கைகொடுத்துக்கொண்டோம். கடைசி நொடியில் டெக்சாஸின் ஜஸ்டின் டக்கர் பந்தை உதைத்தான், 27-25 என்று தோற்றோம். பேருந்து வரும்வரை நாம் பேசவே இல்லை. ஒரு வாரத்தில் நம் அப்போதைய கோச் ஷெர்மனுக்கு வேலை போயிற்று. அன்றைக்கு நாம் ஷெர்மனுக்காக ஒரு நிமிடமாவது வருத்தப்பட்டோமா? எனக்கு நினைவில்லை. அப்போது 80 ஆயிரத்துச் சொச்சம் பேர் பிடிக்கும் மைதானம், இப்போது 1,02,733. இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, விசா பார். டிக்கெட் என் செலவு. சொந்த டிக்கெட், சத்தியமாக.

பந்தயம் பந்தயம்தான். ஜிம்போ பத்து வருடம் தாக்குப்பிடிக்க மாட்டான் என்று நீ, பிடிப்பான் என்று நான். பாதிப் பாதி போட்டு வாங்கிய அந்த மெரூன் ஜாக்கெட் இனி முழுக்க உன்னுடையது. மனைவியின் சித்தப்பா வெள்ளிக்கிழமை கோவைக்குக் கிளம்புகிறார், அவர் பெட்டியில் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அந்த வெயிலில் எங்கே போடுவாய் என்று தெரியவில்லை, மார்கழியில் ஊட்டிக்குப் போனால் உண்டு. இரண்டு முறை சலவைக்குப் போட்டேன், இடது கையில் இருக்கும் சல்சா கறை போகவில்லை. அது உன் கறைதான், என் பாதி சுத்தமாக இருக்கிறது.

உன்,
கட்டை