1.5 ஸ்பீடுல பாக்காதடா கண்ணா

கண்ணா,

நல்லா இருக்கியா? எல்லாத்தையும் 1.5 ஸ்பீடுல ஓட்டித்தான் பாக்கறேன்னு நீ சொன்னதுல இருந்து எனக்கு அதே நெனப்பா இருக்கு. திட்டறதுக்கு எழுதல. வேலை, தூக்கம், நடுவுல கெடைக்கற கொஞ்ச நேரம், எனக்குப் புரியுது. ஆனா இந்த மாசம் நான் பாத்தது படிச்சது விளையாடினதுல மனசுக்குப் பிடிச்சதை எல்லாம் யோசிச்சா, அதுல எதையுமே நம்ம இஷ்டத்துக்கு வேகமா ஓட்ட முடியாது, ஓட்டினா கையில ஒண்ணும் தங்காது. அதான் சொல்றேன், பொறுமையா படி.

முதல்ல படம். '12 ஆங்ரி மென்', 1957ல வந்தது, சிட்னி லூமெட் டைரக்ட் பண்ண முதல் சினிமா. கறுப்பு வெள்ளைன்னு தள்ளிடாத, மொத்தமே 96 நிமிஷம்தான். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே ரூம்ல நடக்குது. அப்பாவைக் கொன்னுட்டான்னு ஒரு 18 வயசுப் பையன் மேல கேஸ், ஜூரின்னு தீர்ப்பு சொல்ல உக்கார வச்ச சாதாரண ஜனங்க 12 பேரும் ஒருமனசா முடிவு சொல்லணும், குற்றவாளின்னு சொல்லிட்டா அவனுக்கு மரண தண்டனை. முதல் ஓட்டுல 11 பேர் குற்றவாளின்னு கை தூக்கறாங்க, அதுல ஒருத்தரா நடிச்ச ஹென்றி ஃபோண்டா மட்டும் தூக்கல. பையன் கொல்லலன்னு அவருக்கு நிச்சயமா தெரியுமான்னா தெரியாது, ஒரு உயிரு சமாச்சாரம், கொஞ்ச நேரமாவது பேசிட்டு முடிவு பண்ணலாமேங்கறார், அவ்வளவுதான். அந்த இடத்துலயே எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

இதுல லூமெட் செஞ்ச வேலை ஒண்ணு இருக்கு, அவரே பிற்பாடு எழுதியிருக்கார். முதல் மூணுல ஒரு பங்கு படத்துக்கு கேமராவை கண் மட்டத்துக்கு மேல வச்சு எடுத்தாராம், நடுப்பங்குக்கு கண் மட்டத்துல, கடைசிப் பங்குக்கு அதுக்கும் கீழ. கூடவே லென்ஸையும் மாத்திட்டே போயிருக்கார், அதனால போகப் போக செவுரு ஆளுங்க முதுகுக்குக் கிட்ட வந்துடுது, கடைசில சீலிங் கூட ஃப்ரேம்ல தெரியுது. பாக்கறப்ப இதெல்லாம் நமக்குத் தெரியாது, ஏதோ மூச்சு முட்டுதேன்னுதான் இருக்கும். அந்த முட்டல் மெல்ல மெல்ல ஏறணும்டா, நீ வேகமா ஓட்டினா வசனம் எல்லாம் காதுல விழும், அந்த ரூம் சுருங்கறது மட்டும் உனக்குக் கெடைக்காது. அப்புறம் அந்த ஃபேன்! ரொம்ப நேரம் ஓடவே ஓடாது, எல்லாரும் வேர்த்துக் கொட்டிட்டு உக்காந்திருப்பாங்க, அது எப்ப ஓட ஆரம்பிக்குதுன்னு கவனிச்சுப் பாரு.

சீரிஸ்னு பாத்தா எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொன்ன ஒண்ணை ஆரம்பிச்சோம், பாதில விட்டுட்டோம், அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. அதுக்குப் பதிலா அப்பாவும் நானும் பழைய துப்பறியும் சீரிஸ் 'கொலம்போ' எபிசோடுங்களைப் பாத்துட்டு இருக்கோம். இதுல யாரு கொன்னாங்கன்னு ஆரம்பத்துலயே காட்டிடறாங்க! அப்புறம்தான் கசங்கின ரெயின்கோட்டோட போலீஸ் டிடெக்டிவ் கொலம்போவா பீட்டர் ஃபாக் உள்ள வர்றார், ஏதோ ஒண்ணும் புரியாத மனுஷன் மாதிரி சுத்திச் சுத்திக் கேள்வி கேக்கறார், போயிட்டாருப்பான்னு கொலைகாரன் நிம்மதி ஆகறப்ப வாசல்ல இருந்து திரும்பி வந்து இன்னும் ஒரே ஒரு விஷயம்னு ஆரம்பிப்பார். முடிவு என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் நீ ஓட்டறே, இதுல அதை முதல்லயே கையில குடுத்துடறாங்க, இனிமே எதுக்கு ஓடணும் சொல்லு? அவங்க ரெண்டு பேர் முகத்தைப் பாத்துட்டே உக்காந்திருக்கலாம். 1971ல வந்த 'மர்டர் பை த புக்' எபிசோடை டைரக்ட் பண்ணது யாருன்னு நெனைக்கறே, ஸ்பீல்பெர்க்! அப்ப அவருக்கு 24 வயசு.

புக்கு ஒண்ணே ஒண்ணுதான் முழுசா முடிச்சேன், அசோகமித்திரனோட 'கரைந்த நிழல்கள்'. சினிமா எடுக்கறவங்களைப் பத்தின நாவல், ஆனா திரையில தெரியற ஆளுங்களை விட ப்ரொடக்‌ஷன் மேனேஜர், அசிஸ்டென்ட் டைரக்டர்னு பின்னாடி ஓடிட்டு இருக்கறவங்கதான் அதிகம். அவர் ஜெமினி ஸ்டுடியோல பல வருஷம் வேலை பாத்தவர், அதனால சம்பளப் பேச்சு, வண்டி ஏற்பாடு, ஆர்ட்டிஸ்ட் வராம போறதுன்னு எல்லாமே பக்கத்துல நின்னு பாத்த மாதிரி வருது. இதுல ஹீரோன்னு யாரும் கெடையாது, ஒவ்வொரு அத்தியாயமும் வேற ஒரு ஆளு பின்னாடி போகுது, நாம ஒட்டிக்கிட்ட ஆளு திடீர்னு காணாம போயிடறார், அப்புறம் வேற யாரோட பேச்சுலயோ நடுவுல அவர் பேரு வருது. அந்த வரியைத் தாண்டிட்டா ஒரு மனுஷனோட வாழ்க்கையே நமக்குத் தெரியாம போயிடும். சின்ன புக்குதான், வரிகளும் சின்னச் சின்ன வரிங்கதான், ஆனா நான் பல இடத்துல திரும்பிப் போய் ரெண்டாவது தடவை படிச்சேன். சோகமா எழுதறேன்னு அவர் எங்கயுமே காட்டிக்கறதில்ல, அதனாலதான் அவ்வளவு கனக்குது.

இப்ப கேம். நீ விட்டுட்டுப் போன பிளேஸ்டேஷன்ல 'ஜர்னி' விளையாடினேன். 2012ல முதல்ல வந்தது, ஒரே உக்கார்ல ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடலாம். மணல்வெளி, தூரத்துல ஒரு மலை, நீ ஒரு அங்கி போட்ட உருவம், கழுத்துல ஒரு துண்டு, அந்தத் துண்டுல சக்தி இருக்கற வரைக்கும் கொஞ்சம் பறக்கலாம். ஆன்லைன்ல இருந்தா நடுவுல இன்னொரு ஆளு வந்து சேருவாங்க, யாரு எந்த நாடுன்னு ஒண்ணும் தெரியாது, பேச முடியாது, டைப் பண்ண முடியாது, ஒரு பட்டனை அமுக்கினா மணி மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான் பாஷை. ரெண்டு பேரும் ஒட்டி நின்னா ரெண்டு பேர் துண்டுலயும் சக்தி ஏறும். என்கூட வந்தவங்க எனக்காக அங்கங்க நின்னு நின்னு கூட்டிட்டுப் போனாங்க. பனி வர்ற கட்டத்துல காத்து தள்ளுது, நடையே குறைஞ்சு போகுது, பட்டனை எப்படி அமுக்கினாலும் வேகம் கூடாது, அந்த நேரத்துல அந்த முகம் தெரியாத ஆளு என்னை விட்டுட்டுப் போகாம பக்கத்துலயே நடந்தாங்க பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கூட வந்தவங்களோட பேரைக் காட்டுறாங்க.

அப்பதான் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்துச்சு. அதுலயும் ரூம்ல இருக்கற வரைக்கும் யாருக்கும் பேர் கெடையாது, வெறும் ஜூரி நம்பர்தான். வெளிய படிக்கட்டுல வந்தப்புறம் ஒரு வயசானவர் ஹென்றி ஃபோண்டாவை நிறுத்தி உங்க பேர் என்னன்னு கேக்கறார், ரெண்டு பேரும் பேரைச் சொல்லிக்கறாங்க, போயிடறாங்க. கூட இருந்து ஒரு பெரிய காரியத்தைச் செஞ்சு முடிச்சுட்டு அப்புறம்தான் பேரு. 1957ல எடுத்த படமும் 2012ல வந்த கேமும் ஒரே இடத்துல வந்து நிக்குது, எனக்கு அன்னிக்கு ராத்திரி பூரா இதே யோசனை.

ஜர்னில யாரு வரணும்னு நாம தேர்ந்தெடுக்க முடியாதாம், தெரியும். இருந்தாலும் நீயும் விளையாடு. என்னிக்காவது என்கூட வர்ற ஆளு நீயா இருந்தாலும் இருக்கலாமே.

வேகமே ஆகாதுன்னு நான் சொல்றதா நெனைக்காத. படுக்கப் போறதுக்கு முன்னாடி தினமும் 'டெட்ரிஸ்' ஆடறேன், 1984ல மாஸ்கோல அலெக்சி பஜித்னவ் உருவாக்கினது, 7 விதமான கட்டைதான், இன்னிக்கு வரைக்கும் சலிக்கல. அதுல வேகம் ஏற ஏறத்தான் சுகம். ஆனா அந்த வேகத்தை கேமே குடுக்குது, மேல போகப் போக தானா ஏத்துது, நாம அதுகூட ஓடறோம். லூமெட் ஒரு ரூமை எவ்வளவு நேரத்துல சுருக்கணும்னு முடிவு பண்ணியிருக்கார்னா அது அவர் யோசிச்சு வச்ச கணக்கு, அதுல நாம கை வைக்க வேண்டாம்டா. நேரம் இல்லன்னா கம்மியா பாரு, மாசத்துக்கு ஒரு படம் பாத்தாலும் போதும், முழுசா பாரு.

சனிக்கிழமை ராத்திரி லீவுதானே? அந்த 1971 கொலம்போ எபிசோடைப் போடு, நாங்களும் இங்க அதையே போடறோம், நான் இன்னும் பாக்காம வச்சிருக்கேன். கொலைகாரன் எந்த இடத்துல மாட்டுவான்னு தோணுதோ உடனே மெசேஜ் பண்ணு. அப்பா எப்பவும் எனக்கு முன்னாடியே சொல்லிடறார், இந்தத் தடவை அவருக்கு முன்னாடி நீ சொல்லு.

அம்மா