அளவுக்கருவிச் சரிபார்ப்புக் கூடம் கோரி மனு

அனுப்புநர்:
மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பட்டறையினர்,
புதுச்சேரி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தொழில் மற்றும் வணிகத் துறை,
புதுச்சேரி அரசு.

பொருள்: படைத் தளவாடப் பழுதுபார்ப்பு – அளவுக்கருவிகளுக்குப் பொதுச் சரிபார்ப்புக் கூடம் அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாதுகாப்புப் படைகளின் படகுகள், வாகனங்களுக்கான பம்ப் ஷாஃப்ட், வால்வு, ஹைட்ராலிக் ஹோஸ் ஆகியவற்றை ஒப்பந்ததாரர்கள் வழியாகப் பழுதுபார்த்துக் கொடுக்கிறோம். கை சுத்தமாக இருந்தாலும் கருவி தவறாகக் காட்டினால் வேலை கெட்டுப்போகிறது.

210 பார் அழுத்தத்தில் ஓடும் ஹோஸை இரு மடங்கான 420 பாரில் நிறுத்திக் கசிவு பார்க்க வேண்டும். பிரஷர் கேஜ் 20 பார் கூட்டிக் காட்டினால் உள்ளே இருப்பது 400தான். சோதனை முடிந்ததாக ரிப்போர்ட் போய்விடும்; ஹோஸ் முனையில் உலோக இணைப்பை நெருக்கிப் பிடித்த (கிரிம்ப் செய்த) இடத்தின் பலவீனம் நடுக்கடலில்தான் தெரியவரும். போல்ட்டைக் குறித்த முறுக்குவிசையில் இறுக்கும் டார்க் ரெஞ்சை அளவு குறைக்காமல் பெட்டியில் வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். 100 நியூட்டன் மீட்டருக்கு வைத்தது 85-லேயே இறுக்கம் போதும் என்று 'கிளிக்' கொடுத்தால், அந்த போல்ட் என்ஜின் அதிர்வில் கழன்றுவிடும். 5000 முறை இயக்கிய பிறகு அல்லது 12 மாதத்தில், எது முந்துகிறதோ அப்போது சரிபார்க்கச் சொல்கிறது டார்க் ரெஞ்சுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 6789.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். 60 மி.மீ. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்குக் கே6 பொருத்தம் (ஷாஃப்டின் அளவு வரம்புகளில் ஒன்று) என்றால், 2 முதல் 21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான் கூடலாம். லேத்திலிருந்து இறக்கிய சூட்டில், மைக்ரோமீட்டரைவிட 15 டிகிரி கூடுதலாக இருக்கும்போது அளந்தால் 10 மைக்ரான் பெரிதாகக் காட்டும். ஆறியதும் பிடிமானம் குறைந்து, பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுழலும். ஆறவைத்து அளப்பது எங்கள் பொறுப்பு. ஆனால் மைக்ரோமீட்டர் முகத்தின் தேய்மானத்தைப் பிடிக்க, துல்லிய அளவுக் கட்டைகளான ஸ்லிப் கேஜும் 20 டிகிரி அறையும் தேவை. தனித்தனிப் பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் முனையங்கள் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி. புதுச்சேரி அதில் இல்லை. 150 கி.மீ. தள்ளியுள்ள சென்னைக்கு ரெஞ்சை அனுப்பினால், திரும்பும்வரை வேலை நிற்கிறது. அதனாலேயே பலர் சரிபார்ப்பைத் தள்ளிப்போடுகிறார்கள்.

எனவே லாஸ்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கில் ஓர் அறை ஒதுக்கி, பிரஷர் கேஜைச் சரிபார்க்கும் 700 பார் டெட் வெயிட் டெஸ்டர், 500 நியூட்டன் மீட்டர் டார்க் டெஸ்டர், ஸ்லிப் கேஜ் செட் ஆகியவற்றை நிறுவி, ஆய்வகத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025-இன்படி, ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.ஏ.பி.எல்.) அங்கீகாரம் பெற வேண்டுகிறோம். உப்புக்காற்று அடிக்கும் ஊர் இது. பூச்சுகளைச் சோதிக்க 5 சதவீத உப்புக் கரைசலில், 35 டிகிரியில் இயங்கும் சால்ட் ஸ்ப்ரே பெட்டியும் அவசியம்.

சான்றிதழில் ஒரு விவரம் விடுபடக் கூடாது: கருவியைத் திருத்துவதற்கு முன் அது காட்டிய அளவு. அது இருந்தால்தான், ஏற்கெனவே அனுப்பிய பாகங்களில் எவற்றைத் திரும்ப அழைத்துச் சோதிப்பது என்று எங்களால் முடிவு செய்ய முடியும்.

கூடம் தயாராகும்வரை, மாதம் ஒருநாள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தினரை மேட்டுப்பாளையத்துக்கே வரவழைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்கான கட்டணத்தை நாங்களே செலுத்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறையினர்