முன்னாள் மாணவர் சந்திப்பும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறையிலும் மே மாதத்திலும் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தைத் திறந்தால் கட்டாயம் ஒரு படம் இருக்கும். ஒரே நிறத்தில் டீ-சர்ட் போட்டு நிற்கும் ஐம்பதை நெருங்கியவர்கள், பின்னால் ஃபிளெக்ஸ் பேனர், முன்வரிசை நாற்காலிகளில் சால்வையோடு வயதான ஆசிரியர்கள். ‘முப்பது ஆண்டுகளுக்குப் பின் சந்தித்த முன்னாள் மாணவர்கள் நெகிழ்ச்சி’ என்று தலைப்பு. சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஃபோனில் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவன் நான். தெரிந்த முகம் ஏதாவது உண்டா என்று அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். போன ஆண்டு வந்த ஒரு படத்தில் நானே நிற்கிறேன். இரண்டாவது வரிசை, வலது ஓரம். அந்தப் படத்தில் இல்லாதவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இந்த வாரம்தான் நேரம் கிடைத்தது.

எனக்குச் சொந்த ஊர் கானாடுகாத்தான். கானாடுகாத்தான் என்றதும் அரண்மனை மாதிரி வீட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதிரி ஒரு வீட்டை அப்பா பார்த்துக்கொண்டார், அம்மா கூட்டிப் பெருக்கினார். நான் கப்பல் பட்டறையில் வெல்டராக சிங்கப்பூர் போனேன். இப்போது அதே துறையில் சூப்பர்வைசர். மனைவியும் பிள்ளைகளும் காரைக்குடியில்தான் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை லீவு. திருச்சிக்கு நேராக விமானம் இருப்பதால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய நிம்மதி. நாலு மணி நேரம் சொச்சம் பறந்து இறங்கினால், புதுக்கோட்டை, திருமயம் தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள் வீடு.

எங்கள் வகுப்புக்கு, அதாவது 1994-இல் பத்தாவது எழுதியவர்களுக்கு, ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். ஆரம்பத்தில் குட்மார்னிங் படங்களும் பழைய குரூப் போட்டோவும் வந்தன. சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ‘சந்திப்பு’ என்று பேச்சு வந்தது. அன்றைக்கே எனக்குத் தனியாக ஃபோன் வந்துவிட்டது: “மாப்ள, நீ சிங்கப்பூர்ல இருக்க. மேடை, சவுண்டு சர்வீஸ் ரெண்டையும் நீ பாத்துக்க. துபாய்க்காரன் ஷீல்டுக்கு ஒத்துக்கிட்டான்.” நான் என்ன சம்பளம் வாங்குகிறேன், தங்குமிடத்தில் ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பணத்தை அனுப்பினேன். மற்றவர்களுக்குத் தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். டீ-சர்ட், மதியச் சாப்பாடு, நினைவுப் பரிசு எல்லாம் அதில் அடக்கம்.

நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று உங்கள் நிருபருக்கே தெரியும், ஏனென்றால் அவரும் வந்திருந்தார். குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் உரை. சிறப்பு விருந்தினர் எங்கள் பள்ளியில் படித்தவர்கூட இல்லை. பிறகு ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, பெயர், என்ன வேலை, எந்த ஊரில் இருக்கிறோம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். என்ன வேலை என்று சொல்லும் இடத்தில் சிலருடைய குரல் இறங்கியதைக் கவனித்தேன். காரைக்குடியில் புரோட்டா மாஸ்டராக இருப்பவன் ஒருவன், முறை வரும் நேரம் பார்த்துக் கைகழுவப் போய்விட்டான். எட்டாவதில் எல்லோருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். மதியம் பஃபே. இந்த ஊரில் பிறந்துவிட்டு, இலை போட்டுப் பந்தி வைக்காமல் தட்டேந்தி வரிசையில் நின்றோம் என்று கேள்விப்பட்டிருந்தால் என் அப்பத்தா ஒரு வாரம் சிரித்திருப்பார். சாப்பிட்ட கையோடு குரூப் போட்டோ. மூன்று மணிக்கு மண்டபத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பழைய கதை பேச ஒரு பத்து நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.

சரி, வராதவர்கள் யார்? முதலில், பத்தாவது வரை வராதவர்கள். பள்ளியில் இருந்து எடுத்த பத்தாவது பட்டியலை வைத்துத்தான் ஆட்களைத் தேடினார்கள். ஏழாவது, எட்டாவதோடு நின்று பட்டறைக்கும் கடைக்கும் போனவர்கள் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் எனக்கு நீச்சல் பழக்கிவிட்டவன், ஊருணிக்கரையில் என் முதல் பீடியைப் பிடுங்கி எறிந்தவன் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். அடுத்தது பெண்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். படத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். பலருக்கும் கல்யாணமாகி ஊர் மாறிவிட்டது, ஃபோன் நம்பர் வீட்டுக்காரருடையது. ஆண்கள் நடத்தும் குழுவில் இருந்து ஒருவர் கூப்பிட்டு ‘பழைய நண்பர்கள் சந்திப்பு’ என்றால் எந்த வீட்டில் உடனே சரி என்பார்கள்? வந்த ஐந்து பேரில் ஒருவர் ஆசிரியை. மற்றப் பெண்களைக் கூப்பிடும் வேலையை அவரிடமே கொடுத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மச்சானின் பைக்கை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனேன். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அங்கே தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். நான் போனபோது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு கண்ணாடிச் சதுரம், அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாயம் கலந்த சிமெண்ட் கரைசலைச் சின்னக் கரண்டியால் ஊற்றிக்கொண்டே வந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை. “இருடா, கலர் ஊத்துறப்ப நிப்பாட்டக் கூடாது.” அச்சை நேராக மேலே தூக்கினான். ஒரு நிறம் இன்னொன்றில் துளி கலக்கவில்லை. அதன்மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, மேலே ஈரக் கலவையை அப்பி, கரணையால் மட்டம் தட்டி ஓரமாக நகர்த்தினான். அது இறுகி, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, மறுபடி காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்று வரும். அந்தக் கண்ணாடி தரும் பளபளப்புதான் ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு. அடுத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ம், இப்பச் சொல்லு” என்றான்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். வருத்தமே இல்லாமல் கணக்குச் சொன்னான். “ஆயிரத்து ஐந்நூறுங்கிறது எனக்கு ரெண்டு நாள் கூலிக்கு மேல. அன்னிக்கு வேலைக்கு வரலைன்னா அந்தக் கூலியும் போச்சு. அந்தக் காசுக்கு எம் மகளுக்கு யூனிஃபார்ம் எடுத்துருவேன்.” நண்பர்கள் யாராவது அவனுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கலாமே என்று வாசகர்கள் நினைக்கலாம். அதையும் ஒருவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். “இலவச டிக்கெட்ல வந்தவன்னு எனக்கு ஒரு டீ-சர்ட்டா?” என்றானாம். அன்றைக்கு மதியம் அவன் வீட்டுச் சாப்பாடுதான். இரண்டு பேருக்குக் கொண்டுவந்ததை மூன்று பேர் சாப்பிட்டோம். நான் கிளம்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. இடையில் அவன் வேலையும் நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை.

எங்கள் ஊர் நகரத்தார் (செட்டியார்) வீடுகளில் படைப்பு என்று ஒன்று நடக்கும். வீட்டின் முன்னோரை நினைத்துப் பங்காளிகள் எல்லோரும் கூடிச் சாமி கும்பிடுவது. அப்பா வேலை பார்த்த பெரிய வீட்டு வளவில் சிறுவனாக இருந்தபோது நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேடை கிடையாது. கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே தொகை. பினாங்கில் இருந்து வந்தவருக்கும், காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவருக்கும் அதே வரிதான், இரண்டு பேரும் அதே பந்தியில்தான் உட்கார்ந்தார்கள். இரண்டாங்கட்டில் காய் நறுக்கிக்கொண்டே ஆச்சிமார்கள் முழு வருஷக் கதையையும் பேசி முடிப்பார்கள். பர்மாவுக்கு மூன்று வருஷத் தவணையில் வேலைக்குப் போய்த் திரும்பிய காலத்திலும், மலேயாவில் இருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கிய காலத்திலும் வந்தவர்களை இப்படித்தான் சேர்த்துக்கொண்டார்கள் என்று அப்பா சொல்லுவார். அந்த வீடுகளில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாங்கள் பின்கட்டு வழியாகத்தான் உள்ளே போனோம். ஆனால் தங்கள் ஆட்களைக் கூட்டுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வெளிநாட்டில் எப்படிச் சந்திக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களை ஏதோ தனித் தீவில் இருப்பவர்கள் மாதிரி ஊரில் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவுக்கு, அதாவது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்கு வந்து பாருங்கள். புதுவயல், அரிமளம், திருமயம், ஆலங்குடி என்று எல்லா ஊர் ஆட்களும் இருப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசையில் நிற்கும்போதே யாராவது தோளைத் தட்டுவார்கள். 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்தப் பகுதியில் வார இறுதியில் பொது இடத்தில் குடிக்கத் தடை; அதனால் பேச்சு எல்லாம் டீயோடுதான், அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. 2020-இல் கொரோனா சமயத்தில் தொழிலாளர் விடுதிகளை மூடி, அறையை விட்டு வெளியே வர விடாமல் வைத்திருந்தபோதுதான், பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்த பள்ளத்தூர்க்காரர் எதிர் பிளாக்கில் இருப்பதே தெரிந்தது. மாதக்கணக்கில் வராந்தாவில் நின்று கைகாட்டிக்கொண்டு, ஃபோனில் பேசினோம். எதிரெதிரே நின்று ஃபோனில் பேசுவது சிரிப்பாகத்தான் இருந்தது. கதவைத் திறந்துவிட்ட பிறகு முதலில் டீ குடித்தது அவரோடுதான்.

இப்போது என் வேண்டுகோள்கள். சந்திப்பு நடத்துகிறவர்களே, வெளிநாட்டில் இருப்பவனை ஸ்பான்சர் ஆக்காதீர்கள். தொகை வசூலிப்பதாக இருந்தால், இருப்பதிலேயே குறைந்த கூலி வாங்குகிறவன் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய தொகையாக வையுங்கள். அதற்குள் என்ன முடியுமோ அதைச் செய்தால் போதும். பத்தாவது பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறாவது வருகைப் பதிவேட்டைத் தேடுங்கள். தேதியை ஆறு மாதம் முன்னால் சொல்லுங்கள், லீவும் டிக்கெட்டும் அப்போதுதான் கட்டுப்படியாகும். ஆசிரியர்களுக்குச் சால்வை போட ஆசையென்றால் அவர்கள் வீட்டுக்கே போய்ப் போடலாம். முட்டிவலியோடு அவர்களை நாலு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் நிருபர்களுக்கும் ஒன்று: அடுத்தமுறை படம் எடுக்கும்போது, வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடிக்காரனும் நானும் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு எப்படியும் எங்கள் செட்டில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். அன்றைக்குப் பட்டறைகளுக்கும் லீவு. மாடு பார்த்துவிட்டு வந்து, அவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில் சமையல். ஆளுக்கு நூறு ரூபாய், அரிசி அவரவர் வீட்டிலிருந்து. பெண்களைக் கூப்பிடும் பொறுப்பை அந்த ஆசிரியையே எடுத்துக்கொண்டிருக்கிறார். குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். புரோட்டா மாஸ்டர் அடுப்புப் பக்கம் யாரும் வரக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டான்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் வாசகர் ஒருவர்,
சிங்கப்பூர்.