ஓ.பி. புக்கு (செக்யூரிட்டி ரவுண்ட்ஸ் நோட்டு) ஓரத்துல எழுதின பாபாவுக்கும் மத்த எல்லாருக்கும்

டர்பன் தமிழ் சொந்தங்களுக்கு வணக்கம்.

இன்னிக்குக் காலைல தான் எங்க யுனிவர்சிட்டி லேப்ல கடைசி ஃப்ரீசரையும் தொறந்து பாத்தோம். ஒரு சாம்பிள் ட்யூப் கூட உருகல. கரண்ட் இல்லாத அந்த நாலு நாள் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், பாதிப் பேரு கூடவே நின்னீங்க, அத திரும்ப எழுத எனக்குத் தெம்பில்ல. தூங்கி எழுந்து எழுதலாம்னு படுத்தேன், தூக்கம் வரல.

சாட்ஸ்வர்த்ல இருந்து ஐஸ் பெட்டி தூக்கிட்டு வந்த அண்ணன்மாருக்கும், ரெண்டாவது நாள் மழைல பேனல் கைவிட்டப்ப கோயில் ஜெனரேட்டர அவுத்துக் குடுத்த கமிட்டி பெரியவங்களுக்கும், ரொட்டியும் பீன்ஸ் கறியும் செஞ்சு அனுப்பின ஆன்ட்டிங்களுக்கும், ராத்திரியெல்லாம் முழிச்சிருந்த லேப் பசங்களுக்கும் மனசார நன்றி. ஒருத்தரையும் மறக்க மாட்டேன்.

ஆனா இத எழுத உக்காந்ததே எங்க கட்டடத்து நைட் செக்யூரிட்டி பாபாவுக்காக. (ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு: நாம ஐயான்னு சொல்றது மாதிரி இங்க ஜூலு பெரியவங்கள பாபான்னு தான் கூப்பிடணும்.)

எங்க மாடில சோலார் பேனல் போட்டு ரெண்டு வருஷமாச்சு. நம்ம ஊர்ல தெக்கு பாத்து வைப்பாங்க, இங்க வடக்கு பாத்து. அவ்ளோ வெயில் அடிச்சும் லோட்ஷெட்டிங் (முறை வச்சு கரண்ட நிறுத்துறது) வந்தா எங்களுக்கும் இருட்டு தான், ஏன்னா பேட்டரி இல்லாம கிரிட்டோட, அதாவது ஊர்க் கரண்ட் லைனோட, சேத்து வச்ச இன்வெர்ட்டர் லைன்ல கரண்ட் போனதும் தானா நின்னுரும், இல்லேன்னா லைன்ல வேலை பாக்கிறவருக்கு ஷாக் அடிக்கும். அப்ப பேட்டரி குடுங்கன்னு கேட்டோம். கட்டடம் மொத்தத்துக்கும் போட்டா வர்ற விலைய பாத்து எல்லாரும் கைய விரிச்சாங்க. சரி, ராத்திரி எவ்ளோ தான் ஓடுதுன்னு ஒரு மீட்டிங்ல கேட்டாங்க பாருங்க, ஒருத்தருக்கும் பதில் தெரியல. எங்க கட்டடத்துக்குன்னு தனி பில்லே கிடையாது, கரண்ட் போர்டு இருக்கிற டி.பி. ரூம்ல ஒரு மீட்டர் மட்டும் யாரும் பாக்காம சுத்திக்கிட்டு கெடக்கு.

அந்த ரூம ஒரு நாள் ராத்திரி பாபா தான் தொறந்து விட்டாரு. எதுக்கும்மான்னு கேட்டாரு, சொன்னேன். அதோட நான் மறந்துட்டேன்.

மூணு வாரம் கழிச்சு கேட்டுல நிறுத்தி அவரோட ஓ.பி. புக்க விரிச்சுக் காட்டினாரு. ரவுண்ட்ஸ் போய்ட்டு வந்து நேரம் போட்டு கையெழுத்து வைக்கிற அந்தத் தடி நோட்டு. ஒவ்வொரு மணிக்கும் நேரா, ஓரத்துல நீல பேனால மீட்டர் நம்பர். ஒரு பக்கத்துல மழைத்தண்ணி பட்டு மை கலைஞ்சு, கலைஞ்ச நம்பர பக்கத்துலயே திரும்ப எழுதியிருந்தாரு. 01:00க்கு எதிர்ல "பெரிய ஹால் ஏ.சி. ஓடுது, ஆள் இல்ல"ன்னு ஒரு வரி. அதே வரி மறுநாளும், அதுக்கு மறுநாளும்.

யாரும் சொல்லாம ஏன் பாபா எழுதினீங்கன்னு கேட்டேன். "மணிக்கு மணி எல்லாம் சரியா இருக்குன்னு எழுதுறேன், அது நெஜமான்னு எனக்குத் தெரிய வேணாமா?" அவ்ளோ தான் சொன்னாரு.

அந்த நோட்டு தான் எங்களுக்கு வழி காட்டுச்சு. பகல்ல ஓடுறதுல பாதி, ஆளே இல்லாத ராத்திரில ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஹால் ஏ.சி.யும் கீசரும் டைமருக்குப் போச்சு. ஃப்ரீசர மைனஸ் 80ல இருந்து மைனஸ் 70க்கு மாத்தினோம், அது ஒண்ணுக்கே அந்தப் பெட்டி தின்கிற கரண்ட்ல கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும், எங்க சாம்பிளுக்கு அந்தக் குளிரே போதும். மிச்சம் இருந்த லோடுக்கு முதல்ல சொன்னதுல கால்வாசி பேட்டரி போதும்னு ஆச்சு, லைன் போனாலும் பேட்டரில ஓட்டுற ஹைபிரிட் இன்வெர்ட்டரோட அது வந்து சேர்ந்தது போன மாசம். வராம இருந்திருந்தா இன்னிக்கு நான் எழுதறது வேற மடலா இருந்திருக்கும்.

இந்த நாட்டுக் கரண்ட்ல 80 சதவீதத்துக்கு மேல நிலக்கரி. காலி ஹால்ல ஓடின அந்த ஏ.சி.க்காக எங்கயோ கரி மின் நிலையங்க இருக்கிற ம்புமலாங்கா மாகாணத்துல கரி எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு, நாங்க பேனல் போட்ட பெருமைல ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருந்திருக்கோம். யுனிவர்சிட்டிங்க எத்தன கிலோவாட் போட்டோம்னு போர்டு வைக்கிறதுக்கு முன்னாடி, கட்டடத்துக்கு கட்டடம் ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன ஓடுதுன்னு பாக்கணும்னு யார்கிட்ட வேணா சண்டை போட்டுச் சொல்வேன். அடுத்த டெர்ம்ல இருந்து எங்க லேப்ல சேர்ற ஒவ்வொரு புது பசங்களும் ஒரு வாரம் அந்த மீட்டர எழுதணும், அத நான் பாத்துக்கிறேன். தீசிஸ்ல கைடு பேருக்கு முன்னாடி பாபா பேரு வரும். இங்க பேரு போட வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, அதனால போடல.

இன்னிக்கு ராத்திரி அவருக்கு டியூட்டி. தடி நோட்டு ஒண்ணும் நாலு நீல பேனாவும் வாங்கி வச்சிருக்கேன். வர முடிஞ்சவங்க ஒன்பது மணிக்கு பின் கேட்டுக்கு வாங்க, சேந்து போய் குடுப்போம்.

சியாபோங்கா (ஜூலுல நன்றி), பாபா.