ஆயா போன விதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததைத் தம்பி சொல்லியிருப்பான். உன்னிடமிருந்து ஒரு போன்தான் வரவில்லை. வேலை அதிகம் என்றாயாம். டப்ளினில் இப்போது குளிர் எப்படி என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நைட் ட்யூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே.

என் அம்மா, உன் ஆயா போன அன்றைக்கு வீடு முழுக்க ஆள். உன்னிடம் எதையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. நீ கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடைசி வாரத்தில் கஞ்சியை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், விழுங்கவில்லை. இரண்டாவது ஸ்பூனிலேயே புரையேறியது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் நர்ஸம்மா பார்த்துவிட்டு, "இனிமே ஊட்டாதீங்கம்மா, நாக்கை நனைச்சு விட்டாப் போதும்" என்றார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தால் மட்டும் லேசாகச் சப்பினாள். ட்ரிப்ஸ் போடச் சொன்னாய் அல்லவா, அதையும் டாக்டரிடம் கேட்டேன். நீ சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளாமல் விடவில்லை. "உடம்பு தண்ணியை ஏத்துக்கிற நிலையைத் தாண்டிடுச்சு, ஏத்தினா கை கால் வீங்கும், நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்கும்" என்றார். இதெல்லாம் நர்ஸான உனக்குத் தெரியாததா? ஆனால் தன் வீட்டு ஆள் என்று வரும்போது படித்த படிப்பு கைகொடுப்பதில்லை, பார்த்தாயா.

இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆயா சொன்னது உனக்கும் நினைவிருக்கும். "இன்னொரு தடவை என்னை இங்க கொண்டாராதீங்க. என் கட்டில்லயே போறேன்." நீதான் பக்கத்தில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாய். கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

அவள் நினைத்ததை ஒருவரும் நடக்க விட்டதில்லை, பாப்பா. ரங்கூனில் 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மூன்று வயது, ஊரைவிட்டு ஓடினார்கள். திரும்பி வந்து, பெரியவளாகி, தாத்தாவைக் கட்டிக்கொண்டு அரிசிக் கடையில் உட்கார்ந்தாள். 1964 மார்ச்சில் பர்மாவை ஆண்ட நே வின் ராணுவ அரசாங்கம் கடையை எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்தது. அடுத்த வருஷம் நான் கைக்குழந்தையாக இருக்கும்போது கப்பல் ஏறினார்கள். ரங்கூன் துறைமுகத்திலேயே காதுத் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். மெட்ராஸில் இறங்கியபோது கையில் இருந்தது நான் மட்டும்தான் என்பாள்.

அப்புறம் வியாசர்பாடி, செகண்ட் லைன் பீச்சில் பர்மா நூடுல்ஸ் அத்தோ வண்டி. நீ வண்டிக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள், உனக்கு நான் சொல்ல வேண்டாம். கோஸையும் வெங்காயத்தையும் தலைமுடி மாதிரி சீவி வைத்திருப்பாள். நூடுல்ஸில் புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், வறுத்த கடலைமாவு, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறு பேஜோ வடையை நொறுக்கிப் போடுவாள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மிளகாய் எரிச்சல் தாங்காமல் தயிரில் கையை வைத்துக்கொண்டு உட்காருவாள். உன் நர்ஸிங் காலேஜ் முதல் வருஷ ஃபீஸ் அந்தக் கல்லாவிலிருந்துதான் போனது. ரேஷன் கடை க்யூவில் நிற்பவர்களிடமெல்லாம் என் பேத்தி ஃபாரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை உன்னைக் குறையாகப் பேசியதில்லை. வரவில்லையே என்றும் கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் கண் திறந்து பர்மீஸில் "சாப்பிட்டாயா" என்றாள். ஆச்சு என்றேன். அதன்பிறகு பேச்சில்லை. ராத்திரி பாதம் சில்லிட்டது, அப்புறம் முட்டிவரை. மூச்சு ஒன்று வரும், வெகுநேரம் நிற்கும், இன்னொன்று வரும். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. உன் மாமா தலைமாட்டில், நான் கையைப் பிடித்துக்கொண்டு. விடியற்காலை பால்காரர் மணி அடித்துவிட்டுப் போன பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. அவ்வளவுதான்.

கொரோனா சமயத்தில் நீ போனில் அழுதாயே, கையைப் பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் போகிறார்கள் அம்மா என்று. அன்று ராத்திரி முழுக்க எனக்கு உன் அழுகைதான் காதில் இருந்தது. அதனால்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. நீ எங்கள்மேல் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாயோ, இது ஒன்றை மட்டும் தெரிந்துகொள்.

கல்யாணச் சாவு என்று தெருவே சொன்னது. முகத்துக்கு பர்மாக்காரர்கள் பூசும் 'தனக்கா' மரப்பட்டையை அரைத்துப் பூசினோம், பூப்பல்லக்கு, தாரை தப்பட்டை எல்லாம் உண்டு. உன் பங்கு நெய்ப்பந்தத்தைத் தம்பி பெண் பிடித்தாள். "இது அத்தையோடது" என்று யாரிடமும் தரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் இருந்தால் போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதே. உன் பகல் ட்யூட்டி முடிகிற நேரம் இங்கே நான் தூங்கிவிட்டிருப்பேன் என்று பார்க்காதே, எந்த நேரமானாலும் எடுப்பேன். தம்பி போனுக்கு வேண்டாம், என் நம்பருக்கே அடி.

இப்படிக்கு,
உன் அம்மா